பழைய மர முகமூடி எந்த ஊர்ச் சரக்கு? பலரும் சறுக்கும் இடங்கள்

பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு, கோரைப்பல். இந்த மூன்றையும் பார்த்தவுடன் "இது இந்தோனேசியாவின் பாலித் தீவு" என்று முடிவு கட்டிவிடுவதுதான் பழம்பொருள் கடைகளில் அதிகம் நடக்கும் தவறு. அதே மூன்றும் இலங்கையின் ராட்சச முகமூடிகளில் உண்டு, இமயமலை பௌத்த மடங்களில் ஆடும் சாம் நடன முகமூடிகளிலும் உண்டு. பயமுறுத்தும் முகம் என்றால் ஆசியாவில் பல ஊர்க்காரர்களும் ஏறக்குறைய இப்படித்தான் செதுக்கியிருக்கிறார்கள். அதனால் முகத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டுத் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இலங்கையின் நாக ராட்சசனுக்குத் தலை நிறையப் படமெடுத்த நாகங்கள், அவையும் மரத்தில் செதுக்கியவை. இரு பக்கமும் விரிந்து நிற்கும் காதுப் பலகைகள் பெரும்பாலும் தனியாகச் செய்து பொருத்தியவையாக இருக்கும். ஆட்டத்துக்கென்று செய்த பாலியின் பாரோங் (காவல் விலங்கு), ரங்டா (சூனியக்காரி) முகமூடிகளிலோ மகுட வேலைப்பாடு தோலில் வெட்டிப் பொன்னிறம் பூசியது, பின்னால் முடியும் நாரும் தொங்கும். சுற்றுலாப் பயணிகளுக்கென்று செய்த பாலி முகமூடியில் இந்தத் தோல் வேலை இருக்காது, ஆகவே தோல் இல்லை என்பதை வைத்து மட்டும் பாலியை ஒதுக்கிவிடவும் கூடாது. நெற்றியில் மூன்றாவது கண்ணும் தலையைச் சுற்றி ஐந்து மண்டையோடுகளும் இருந்தால் இமயமலைப் பக்கம் தேட ஆரம்பிக்கலாம்.

சரி, இலங்கை என்று தெரிந்துவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டு எல்லாவற்றையும் "பேய் முகமூடி" என்று சொல்லிவிடுவது அடுத்த தவறு. தென்கரையில் அம்பலாங்கொடைதான் இந்த வேலைக்குப் பேர்போன ஊர், முகமூடிக்கென்றே அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. ஆனால் அந்த வட்டாரத்தில் ராட்சசன் தவிர இன்னும் இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒன்று சன்னி: நோய் நீக்கும் சடங்கில் அணிவது, பதினெட்டு நோய்களுக்குப் பதினெட்டு முகம். கண சன்னி குருட்டுக்கு, பிஹிரி சன்னி செவிட்டுக்கு, கோலு சன்னி ஊமைக்கு என்று போகும். கோணலான வாயும் சிதைந்த முகமும் கண்டால் சிற்பிக்குக் கை வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், அது நோயாளியின் முகம். இன்னொன்று கோலம் என்ற நாட்டார் கூத்து. இதில் ராஜா, ராணி, முரசறைபவன், போலீஸ்காரன், சலவைத் தொழிலாளி, நொஞ்சி அக்கா என்ற கிழவி என்று சாதாரண மனித முகங்களும் வரும். பல்லுப் போய்ச் சுருக்கம் விழுந்த ஒரு கிழவி முகத்தில் பேயும் இல்லை பாம்பும் இல்லை என்பதால் அது இலங்கைதான் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை, "ஏதோ ஆப்பிரிக்கா" என்று ஓர் ஓரத்தில் மாட்டிவிடுகிறார்கள்.

எடையை நம்புவதிலும் சிக்கல் இருக்கிறது. அம்பலாங்கொடையில் கதுரு என்ற லேசான மரத்தில் செதுக்குவார்கள். கையில் எடுத்தால் பார்த்த அளவுக்குக் கனக்காது. ஆனால் பாலியில் பயன்படுத்தும் பூலே மரமும், அதாவது நம்மூர் ஏழிலைப்பாலையும், லேசுதான். கனம் குறைவு என்பது இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது, தேக்கு போன்ற கனமான மரத்தில் செய்ததைத்தான் விலக்கிக் காட்டும். மரமே இல்லாததை மரம் என்று வாங்குபவர்களும் இருக்கிறார்கள். மேற்கு வங்கத்துப் புருலியாவின் சௌ நடன முகமூடி களிமண் அச்சின் மேல் காகிதமும் துணியும் ஒட்டிச் செய்வது. பின்பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பின்பக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது, விற்பவர்கள் போடும் படங்களில் பத்துக்கு ஒன்பது முன்பக்கம் மட்டும்தான்! முகமூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். நிஜமாகவே அணிந்து ஆடியதென்றால், ஆடியவர் எதன் வழியாகப் பார்த்திருப்பார்? கருவிழியில் துளையோ, கண்ணுக்குக் கீழே கீறலோ, மூக்குத் துவாரமோ, ஏதோ ஒன்று திறந்திருக்க வேண்டும். கயிறு கட்டிய துளையின் விளிம்பு ஒரு பக்கமாக இழுபட்டுத் தேய்ந்திருக்கும். நெற்றியும் மூக்குத்தண்டும் தாடையும் படும் இடங்களில் வியர்வையும் எண்ணெயும் ஏறிக் கறுத்து வழவழப்பாகியிருக்கும், மற்ற இடம் வெளிறியிருக்கும். உள்பக்கம் முழுக்க ஒரே சீராகப் பழுப்பாக இருந்தால் அது காலம் ஏற்றிய நிறமில்லை, சாயம் பூசியது. ஜாவா முகமூடிகள் சிலவற்றில் கயிற்றுத் துளையே இருக்காது, உள்ளே ஒரு தோல் பட்டை இருக்கும். ஆடுபவர் அதைப் பல்லால் கடித்துக்கொண்டு ஆடுவார். அந்தப் பட்டையைத் தேவையில்லாத ஒட்டு என்று பிய்த்துப் போட்டால் ஊரைச் சொல்லும் சாட்சி போச்சு.

அதே காரணத்துக்காக, ஊர் தெரியும்வரை கழுவாதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள். உரிந்த இனாமல் பெயிண்டுக்கு அடியில் பழைய வண்ணம் எட்டிப் பார்க்கலாம். பூச்சி அரித்த ஓட்டையைக் காட்டி "நூறு வருஷம்" என்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். லேசான மரத்தை ஒரே மழைக்காலத்தில்கூடப் பூச்சி துளைத்துவிடும்.

பின்னால் ஒட்டிய சீட்டும் பாதி உண்மைதான் பேசும். "சிலோன்" என்று இருந்தால் 1972க்கு முந்தியது என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும், அந்த வருஷம்தான் நாட்டின் ஆங்கிலப் பெயர் சிலோனிலிருந்து அதிகாரபூர்வமாக ஸ்ரீலங்கா ஆனது. ஆனால் பழைய பெயரை அதற்குப் பிறகும் வணிகத்தில் பலர் விடவில்லை. இந்தோனேசியப் பட்டறைகளில் ஆப்பிரிக்கப் பாணி முகமூடிகளையும் ஏற்றுமதிக்காகச் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எந்தப் பாணி, எங்கே செய்தது, யாராவது அணிந்து ஆடினார்களா, இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். படத்தை இணையத்தில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் இன்னொரு விற்பனையாளர் எழுதிய விவரம், அவரும் வேறொருவரைப் பார்த்து எழுதியிருப்பார். அருங்காட்சியகத் தொகுப்புகளின் பக்கங்களில் ஒப்பிடுவது மேல்.

அப்புறம், நிஜமாகவே பழையது என்று விற்பவர் சாதித்தால் காகிதம் கேளுங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருள்; அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இலங்கையிலிருந்து பழம்பொருள் கொண்டுவரவும் அங்கே அனுமதி வாங்க வேண்டும். இருநூறு வருஷம் என்று விலை சொன்னவர், உரிமம் என்றதும் "அவ்வளவு பழசு இல்லைங்க" என்று இறங்கி வந்தால், வயதோடு விலையையும் இறக்கச் சொல்லலாம்.