படம் வருமுன் பாத்திரத்தைக் கீறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாவல் படமாகப் போகிறது என்ற செய்தி வந்தால் போதும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் படம் கீறுகிற பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கத் தொடங்கிவிடும். நல்ல விஷயம்தான். அறிவிப்புக்கும் ஃபர்ஸ்ட் லுக்குக்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தில் பாத்திரத்தின் முகம் இன்னும் வாசகரின் கையில் இருக்கிறது. போஸ்டர் வந்த பிறகு நடிகரின் முகம் வந்து குந்திக்கொள்ளும்; அதைத் தள்ளிவிட்டு வேறொரு முகத்தை மனதுக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. அப்படிப்பட்ட காலத்தை வீணாக்கும் தவறுகள் சில உண்டு. அவற்றில் பாதி, பென்சிலைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

முதலாவது, புத்தகத்தைத் திறக்காமல் ஞாபகத்திலிருந்து கீறுவது. பொன்னியின் செல்வனில் நந்தினி, குந்தவை இருவரையும் எடுத்துக்கொள்வோம். கல்கி ஓரிடத்தில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வர்ணிக்கிறார். நந்தினிக்குப் பொன்னிற மேனி, முழுநிலவு போன்ற வட்ட முகம். குந்தவைக்குச் செந்தாமரை நிறம், சிலையில் வார்த்ததுபோல் சற்றே நீண்ட முகம். நந்தினியின் கண்கள் சிறகு விரித்த தேனீ போல அகன்றவை. குந்தவையுடையவை நீலோற்பல இதழ் போல நீண்டவை. நந்தினியின் கொண்டை ஆண்டாள் கொண்டையை நினைவூட்டுகிறது. குந்தவையின் கூந்தலோ மணிமகுடம் போல அமைந்திருக்கிறது. ஓவியருக்கு இதைவிட என்ன வேண்டும்? வட்டம் ஒன்று, நீள்வட்டம் ஒன்று. ஒரு பக்கம் சாய்ந்த கொண்டை, மறுபக்கம் தலைக்கு மேலே உயர்ந்த கூந்தல். இரண்டு உருவத்தையும் முழுக்கக் கறுப்பால் நிரப்பி நிழலாகக் காட்டினாலே யார் யார் என்று சொல்லிவிடலாம். ஆனால் முகநூலில் வந்த படங்களில் பெரும்பாலும் இருவருக்கும் ஒரே முகம், ஒரே கண். சேலையின் நிறம் மட்டும்தான் மாறியிருக்கும்.

கீற முன்பு ஒரு கொப்பியை எடுத்து, அந்தப் பாத்திரத்தின் தோற்றம் வரும் வரிகளைப் பக்க எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தாளர் சொன்னவை ஒரு பக்கம், நீங்கள் சேர்ப்பவை மறுபக்கம். மூக்குத்தியை நீங்களாகச் சேர்க்கிறீர்களா? தாராளமாகச் சேர்க்கலாம், அது உங்கள் சேர்க்கை என்று தெரிந்தால் சரி.

இதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வர்ணனை யாருடைய பார்வையில் வருகிறது? பெரிய பழுவேட்டரையர் காணும் நந்தினி வேறு, ஆதித்த கரிகாலனின் மனதை அலைக்கழிக்கும் நந்தினி வேறு, வந்தியத்தேவன் முதன்முதலில் பார்த்துத் திகைக்கும் நந்தினி வேறு. எல்லாரையும் ஒரே முகத்தில் திருப்திப்படுத்தப் போனால் உணர்ச்சியே இல்லாத பொம்மைதான் மிஞ்சும். யாருடைய கண்ணால் பார்க்கிறேன் என்பதை முதலில் முடிவுசெய்தால், வெளிச்சம் எங்கிருந்து விழ வேண்டும், அவள் நம்மை நேராகப் பார்க்கிறாளா, திரும்பி நிற்கிறாளா என்பதெல்லாம் தானாகவே தெளிவாகும். எனக்கு இதுதான் இந்த வேலையின் மிகச் சுவையான பகுதி. இதைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே மனம் கேட்பதில்லை.

அடுத்தது, பழைய ஓவியரின் கற்பனையை நம் கற்பனை என்று நம்பிவிடுவது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் கதை தொடராக வந்தபோது மணியம் வாராவாரம் வரைந்தார். நம் வீட்டுப் பெரியவர்களின் மனதிலுள்ள வந்தியத்தேவன் பெரும்பாலும் மணியத்தின் வந்தியத்தேவன்தான். அவர் கோடுகளைப் பார்த்துப் படிக்க வேண்டும், மறுப்பே இல்லை. துணியின் மடிப்பை எவ்வளவு குறைந்த கோடுகளில் காட்டுகிறார் என்று பாருங்கள். பார்த்துவிட்டு மூடிவைத்துவிட்டு, நாவலின் வரிகளிலிருந்து தொடங்குங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது என்பதால் மணியத்தின் படத்தை அப்படியே எடுக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். எழுத்து வேறு, அதற்கு வரைந்த ஓவியம் வேறு.

காலத்தைக் குழப்புவது இன்னொரு பெரிய தவறு. வேள்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். சு. வெங்கடேசனின் இந்த நாவல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. படமாக்கும் ஆசையை இயக்குநர் ஷங்கர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே இப்போது பலரும் பாரியைக் கீறுகிறார்கள். சோழர் செப்புச் சிலைகளில் உள்ள கிரீடமும் ஆரமும் அப்படியே பாரியின் உடம்பில் ஏறிவிடுகின்றன. பாரி சங்ககாலத்து மலைநாட்டுத் தலைவன். செப்புச் சிலைகளோ ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிந்தியவை. சங்கப் பாடல்களைப் புரட்டினால் வீரர் காலில் கழல், தலையில் பூவாலோ பனங்குருத்தாலோ ஆன கண்ணி, பிள்ளைகளின் கழுத்தில் புலிப்பல் தாலி, பெண்களுக்குத் தழையாடை என்று கீறுவதற்கு எவ்வளவோ கிடைக்கும். பின்னணிக்கும் ஊகம் தேவையில்லை. பறம்பு மலையில் உழாமலே கிடைப்பவை நான்கு என்று கபிலர் புறநானூற்றில் பாடியிருக்கிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். பாரிக்குப் பின்னால் மூங்கில் புதரும் காய்த்துத் தொங்கும் பலாவும் நின்றால், வாசித்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

சோழர் காலத்தைக் கீறுகிறவர்களுக்குக் கொழும்பில் ஒரு வசதி இருக்கிறது. விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில், பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. பொலன்னறுவை சோழரின் ஈழத் தலைநகராக இருந்த இடம். அங்கே நடராசரையும் அம்மனையும் பாருங்கள். தோள்வளை கையில் எந்த உயரத்தில் இறுகுகிறது, இடைக்கச்சையின் முடிச்சு எந்தப் பக்கம் விழுகிறது, மெல்லிய துணி தொடையில் எப்படி ஒட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் ஒரு சிலையைச் சுற்றி வந்தால் தெரியும். பின்டரெஸ்டில் முன்பக்கம் மட்டும்தான் கிடைக்கும். பிறகு காரைக்கால் அம்மையார் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கையில் தாளம், விலா எலும்பு தெரிகிற மெலிந்த உடம்பு, ஆனாலும் முகத்தில் அத்தனை நிறைவு. பெண் பாத்திரம் என்றாலே பளபளப்பான கன்னமும் ஒட்டிய இடையும் என்று பழகிப்போன கைக்கு அந்தச் சிலை நல்ல பயிற்சி.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். 2012 இல் ஹங்கர் கேம்ஸ் படம் வந்தபோது, ரூ என்ற சிறுமியாகக் கறுப்பினச் சிறுமி நடித்ததை ஏற்க முடியாமல் இணையத்தில் சிலர் கோபப்பட்டார்கள். புத்தகத்தில் அவளுக்குக் கரும்பழுப்புத் தோல் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. வாசித்தவர்களின் கண் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தது. நாமும் அதையேதான் செய்கிறோம். ‘மாநிறம்’ என்றோ ‘கறுத்த’ என்றோ எழுத்தாளர் எழுதியிருந்தாலும், கதாநாயகி என்றதும் கை தானாக அந்த வெளிறிய ரோஜா நிறப் பென்சிலுக்குப் போகிறது. கடையில் அதை ‘ஸ்கின் கலர்’ என்று கேட்டு வாங்கிப் பழகியிருக்கிறோம், கேட்கிற நம்மில் ஒருவருக்கும் அந்த நிறத் தோல் இல்லை.

கறுத்த தோலுக்குக் கடும்பழுப்பை அடித்தளமாகப் போடுங்கள். நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் முகம் சாம்பல் பூத்துவிடும். அடர்நீலமோ கத்தரிப்பூ நிறமோ கலந்த பழுப்புத்தான் சரி. வெளிச்சம் படும் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளையைத் தேய்க்காமல், வானத்தின் இளநீலத்தையோ மாலை வெயிலின் செம்மஞ்சளையோ சின்னதாக, கூர்மையாக வையுங்கள். கறுத்த தோலில் வெளிச்சம் அழகாகப் பிடிக்கும். டேப்லெட்டில் கீறுகிறவர்களுக்கும் இதே விதிதான்.

பிடித்த நடிகரை வைத்துக் கீறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கீறலாம், அது தனி வகை. ‘இவர் நடித்தால் இப்படி இருக்கும்’ என்று சொல்லிவிட்டுக் கீறுங்கள். பாத்திரத்தையே கீறியதாகச் சொல்லிக்கொண்டு, கடைசியில் நடிகரின் போட்டோவைப் பார்த்துப் போட்ட முகத்துக்கு மீசையும் கொண்டையும் ஒட்டுவதுதான் பிழை. வர்ணனை வரிகளை ஏ.ஐ. செயலியில் போட்டு வந்த படத்தைத் தன் கையால் கீறியது என்று போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது பொய்.

அவசரமும் வேண்டாம். பொன்னியின் செல்வனை எம்.ஜி.ஆர். 1958 இலேயே படமாக்க அறிவித்தார். படம் திரைக்கு வந்தது மணிரத்னத்தின் கையால் 2022 இல். அறிவிப்பு வந்த இரவே ஏதாவது போட்டுவிட வேண்டும் என்று அரைகுறையாக முடிக்கிற படத்தைவிட, நாவலை மறுபடி ஒருமுறை வாசித்துவிட்டுக் கீறுகிற படம் எவ்வளவோ மேல். வாசித்தவர்களுக்கு மட்டும் தெரிந்த முடிவையோ சாவையோ கீறினால் மேலே ஒரு எச்சரிக்கை போட்டுவிடுங்கள், படத்தில்தான் முதன்முதலாகக் கதையை அறியப்போகிறவர்கள் நிறையப்பேர்.

வெளியிடும்போது நடக்கும் தவறு ஒன்று சிக்கலில் கொண்டுபோய் விடும். படத்தின் தலைப்பு எழுத்து, தயாரிப்பு நிறுவனத்தின் இலச்சினை, ‘விரைவில்’ என்ற வாசகம் எல்லாம் சேர்த்து அசல் போஸ்டர் மாதிரியே செய்வார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு குழுக்களைத் தாண்டினால் அது ‘கசிந்த ஃபர்ஸ்ட் லுக்’ ஆகிவிடும். கீழே எழுதும் குறிப்பு படத்தோடு பயணிக்காது. ஆகவே ‘ரசிகர் ஓவியம்’ என்பதையும், உங்கள் பெயரையும், திகதியையும் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். மூலையில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். உடையின் மடிப்போடு, உருவத்தை ஒட்டி எழுதுங்கள்.

விற்பனை வேறு கதை. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுத்தாளரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நிற்கிறது. படைப்பைத் தழுவி வேறொன்று செய்யும் உரிமையும் அதில் அடக்கம். நியாயமான பயன்பாட்டுக்கு இடமுண்டு, ஆனால் அதைத் தீர்மானிக்கையில் வணிக நோக்கம் இருக்கிறதா என்பதும் பார்க்கப்படும். வீட்டில் கீறி நண்பர்களுக்குக் காட்டுவதும், அதே படத்தை டீ-சேர்ட்டிலும் கோப்பையிலும் அச்சடித்துக் கலாபொல ஓவியச் சந்தைக்கோ லங்கா கொமிக் கொன் விழாவுக்கோ கொண்டுபோவதும் ஒன்றல்ல. படமாகப் போகிற நாவல் என்றால் உரிமை ஏற்கனவே கைமாறியிருக்கலாம். வேள்பாரியின் உரிமை தன்னிடம் இருப்பதாகவும், அதன் முக்கியக் காட்சிகள் அனுமதியின்றி வேறு படங்களில் எடுத்தாளப்படுவதாகவும் 2024 செப்டெம்பரில் ஷங்கர் பகிரங்கமாகவே எச்சரித்தார். விற்க விரும்பினால் பதிப்பகத்துக்கு மாதிரிப் படத்தோடு ஒரு மின்னஞ்சல் எழுதி, பதில் வந்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.

அப்புறம், ஃபர்ஸ்ட் லுக் வந்த அன்று. உங்கள் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். உடனே பழையதை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நடிகரின் பக்கத்தில் போய்த் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். திரைக்கு அதற்கென்று காரணங்கள் உண்டு. ஹரி பொட்டருக்குப் புத்தகத்தில் பச்சைக் கண். 2001 இல் வந்த படத்தில் நீலக் கண். பச்சை லென்ஸ் அந்தச் சிறுவனின் கண்ணுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அதற்காகப் பச்சையில் கீறியவர்களின் படம் பிழையாகிவிடவில்லை. நடிகரின் தோற்றத்தையும் கீற ஆசை வந்தால் புதுத் தாள் எடுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், எது புத்தகம் எது படம் என்று எழுதுங்கள்.