டொரண்டோவில் புதுப் பள்ளி: பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையோடு வருபவர்களுக்கு

ஸ்கார்பரோவில் வீடு பிடித்து, ஓஹிப் என்ற மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு எழுதிக்கொடுத்து, குளிருக்கு ஜாக்கெட் வாங்கி முடிப்பதற்குள் பள்ளி திறந்துவிடும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை இருந்தால் அதற்கு முன்பே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். பிள்ளையின் தேவையை ஐபிஆர்சி குழு, அதாவது சிறப்புக் கல்வி வேண்டுமா, எங்கே என்று முடிவுசெய்யும் குழு, பார்க்க வேண்டும் என்று பள்ளி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். பெற்றோர் எழுத்தில் கேட்டால் முதல்வர் அனுப்பியே ஆக வேண்டும், ஒண்டாரியோ மாகாண விதி அப்படி. கூட்டத்துக்கு நீங்கள் போகலாம், 16 வயது ஆகியிருந்தால் பிள்ளையும் வரலாம். குழு முடிவுசெய்த வகுப்பிலோ பள்ளியிலோ படிப்பு தொடங்கிய 30 பள்ளி நாட்களுக்குள் ஐஇபி என்ற தனிக் கல்வித் திட்டம் தயாராக வேண்டும். பெரிய எழுத்தா, விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லா, தேர்வுக்கு எவ்வளவு கூடுதல் நேரம் என்பதெல்லாம் அதில்தான் வரும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பார்வையற்றோருக்கென்றே பிராண்ட்ஃபோர்டில் 1872இல் தொடங்கிய டபிள்யூ. ராஸ் மெக்டொனால்ட் பள்ளி இருக்கிறது. விடுதியில் தங்கிப் படித்து, வாரக் கடைசியில் வீட்டுக்கு வரலாம். என் மகள் ஊரில் விடுதிப் பள்ளியில் படித்தவள். இனி வீட்டிலிருந்தே போகிறேன் என்று சொல்லிவிட்டாள். சரி என்று பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் சேர்த்தோம்.

பாடத்தில் பெரிய சிக்கல் வரவில்லை. தமிழுக்கும் மற்ற இந்திய மொழிகளுக்குமான பாரதி பிரெய்லில் க என்பதும் ஆங்கிலத்தில் கே என்பதும் ஒரே புள்ளிகள், ம என்பதும் எம் என்பதும் அப்படியே. ஊரில் தமிழ் பிரெய்ல் படித்த பிள்ளைக்கு இங்கே பாதி வேலை முடிந்தது. ஆங்கில பிரெய்லில் வரும் சுருக்கக் குறிகளை மட்டும் விஷன் டீச்சர், அதாவது பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான ஆசிரியர், உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தார். கணினிக்கு திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. பார்வையற்ற ஆஸ்திரேலியர்கள் இருவர் தொடங்கிய மென்பொருள் அது.

சிக்கல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருந்தது.

ஊரில் அவளோடு படித்த எல்லோரும் அவளைப் போலத்தான். குரலைக் கேட்டே கூட்டம் சேரும். இங்கே பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் யார் எந்த மேசையில் என்று தெரியாது. பிள்ளைகள் கண்ணால் பார்த்துச் சிரித்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள், அவளுக்கு அது எட்டாது. பள்ளி ஒரு உதவியாளரை அமர்த்தியிருந்தது, நல்ல பெண்மணி. ஆனால் எப்போதும் பக்கத்திலேயே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால் பதினைந்து வயதுப் பிள்ளைகள் யாராவது வந்து பேசுவார்களா? இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு இது உறைத்தது. வகுப்பில் தேவைப்படும்போது உதவினால் போதும், இடைவேளையில் தள்ளி இருக்கட்டும் என்று ஐஇபியிலேயே எழுதி வாங்கினோம். நீங்கள் இதை முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். மாலையில் பிள்ளை வந்ததும் "இன்னிக்கு என்ன பாடம்" என்று கேட்காமல் "யார்கூடச் சாப்பிட்ட" என்று கேளுங்கள்.

சின்ன விஷயங்களும் உண்டு. லாக்கருக்கு எண்களைச் சுழற்றித் திறக்கும் பூட்டுதான் இங்கே வழக்கம். சாவிப் பூட்டுக்கு அனுமதி வாங்கிவிடுங்கள். வரிசையின் கடைசியில் இருக்கும் லாக்கரைக் கேட்டால் கண்டுபிடிக்கச் சுலபம். ஆகஸ்ட் கடைசியில் பள்ளி வெறுமையாக இருக்கும்போது நடை பழகச் சொல்வார்கள். பழகட்டும், ஆனால் மணி அடித்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மோதிக்கொண்டு ஓடும் நடைபாதை வேறு. முதல் வாரத்திலும் வழிநடைப் பயிற்சியாளரை வரச் சொல்லுங்கள்.

டொரண்டோவில் ஒலி எழுப்பும் சிக்னல்களில் பொத்தானை மூன்று வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். வடக்கு தெற்காகக் கடக்கும்போது குக்கூ என்று கூவும், கிழக்கு மேற்குக்கு வேறு மெட்டு. என் மகளுக்கு நகரத்தில் முதலில் பிடித்துப்போனது இந்தக் குக்கூதான். அப்புறம் பனி வந்தது. நடைபாதை விளிம்பு மூடிப்போய்விடும், வண்டிச் சத்தமும் அமுங்கிவிடும். செப்டம்பரில் மனப்பாடமான வழியை ஜனவரியில் மறுபடி நடந்து பழக வேண்டும்.

எல்லாவற்றையும் மாற்றியது உடற்கல்வி வகுப்பு. "அவள் ஓரமாக உட்காரட்டும்" என்று ஆசிரியர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், கோல்பால் ஆடவைக்கக் கேளுங்கள். போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946இல் உருவான ஆட்டம் இது. பாராலிம்பிக்கில் முதன்முதலாகப் பதக்கத்துக்கு ஆடப்பட்டது இதே டொரண்டோவில், 1976இல். அணிக்கு மூவர், ஒன்றேகால் கிலோ பந்துக்குள் மணி, எல்லோர் கண்ணிலும் கட்டு. மணிச் சத்தத்தை வைத்துத்தான் பந்தைத் தடுக்க வேண்டும், அதனால் பார்ப்பவர்கள் மூச்சுக் காட்டக் கூடாது. ஆசிரியர் ஒரு வகுப்புக்கு ஏற்பாடு செய்தார். மற்றவர்கள் பந்து எங்கே என்று தடவிக்கொண்டிருக்க, என் மகள் அது வரும் பக்கம் உடம்பைக் கிடத்தித் தடுத்துக்கொண்டிருந்தாளாம். அன்று மதியம் நான்கு பேர் அவள் மேசைக்கு வந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, இது நம்மவர்களுக்கு மட்டும். கல்யாண வீட்டுக்குப் போகும்போது வெள்ளைக் கோலை மடித்துப் பைக்குள் வைக்கச் சொல்லாதீர்கள். நானே சொல்லியிருக்கிறேன். "ஐயோ பாவம்" என்று யாராவது அத்தை ஆரம்பித்தால் பிள்ளையே பதில் சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

உயர்நிலைப் பள்ளி முடித்து டிப்ளமா வாங்க 40 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும், இது எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. பிள்ளையே தனக்கான இடத்தைத் தேடிக்கொள்ளட்டும். என் மகள் நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கப் போனாள், பிரெய்லில். ஒரு நாள் ஏழு மணியாகியும் வரவில்லை. போன் போட்டால் பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். "ஃப்ரெண்ட்ஸோட இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் சொல்லாமல் போனதற்கு நன்றாகத் திட்டினேன்.