கோவாப் புழுவுக்குப் பங்கசு அடிக்கும் விதம்

கந்தப்பளைப் பக்கம் கோவா போடுகிறவர்களுக்கு இலையைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எந்த மருந்தை அடித்தாலும் நாளடைவில் அதற்குப் பழகிவிடும். அதனால்தான் நான் பியுவேரியா அடிக்கிறேன். பூச்சியைக் கொல்லும் பங்கசு அது. பட்டுப்புழுக்களைச் சாகடித்தது இதுதான் என்று 1835இல் இத்தாலியில் அகொஸ்தினோ பாஸி காட்டினார்.

முதலில் செத்த புழுவைப் பார்த்துப் பழகுங்கள். கோவா இலையைத் திருப்பினால், மாவில் புரட்டியது போல வெள்ளை பூத்து, காய்ந்து விறைத்த புழு சிலவேளை கிடக்கும். அது பங்கசு கொன்றது. கறுத்து, தொட்டதும் கூழாகி நாறினால் வேறு நோய். சந்தேகமா? செத்தும் வெள்ளை பூக்காத புழுவை, ஈரத்துணி போட்ட யோகட் கப்பில் மூடி நிழலில் வையுங்கள். பங்கசு கொன்றதென்றால் சில நாளில் உடல் வளையங்களின் இடுக்கிலிருந்து வெள்ளைப் பூஞ்சு கிளம்பும். பிறகு அது கரும்பச்சையானால் பூச்சியைக் கொல்லும் இன்னொரு பங்கசான மெட்டாரைசியமாக இருக்கலாம், அதுவும் நம் பக்கம்தான்.

புழு இதைத் தின்ன வேண்டியதில்லை. பைக்கற்றுத் தூளில் உள்ள பங்கசின் வித்து (விதை போன்ற நுண்துகள்) புழுவின் தோலில் ஒட்டி, முளைத்து, துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ஆகவே இலையின் அடிப்புறமும் குருத்தும் நனைய வேண்டும். கோவா இலை மெழுகுப் பிடிப்பானது, தண்ணீர் உருண்டோடிவிடும். ஒட்டுத்திரவம் கொஞ்சம் சேருங்கள். சின்னப் புழுவாக இருக்கும்போதே அடியுங்கள். புழு தோலை உரித்தால் ஒட்டிய வித்தும் தோலோடு போய்விடும்.

நேரம் மாலை. வெயில் வித்தைக் கொல்லும், ஈரம் அதை முளைக்க வைக்கும். மூடுபனி இறங்கும் நம் மலைக்கு இது வாய்த்த மருந்து. கொட்டுகிற மழைக்கு முன் மட்டும் வேண்டாம். குளிரில் வேலை மெதுவாகத்தான் நடக்கும். புழு சாக ஒரு கிழமைக்கு மேலும் ஆகலாம், அதற்குள் பதறிப்போய் வேறு மருந்தைத் தூக்காதீர்கள்.

பலர் கோட்டை விடுவது டேங்கில்தான். கிழங்குக்கு மென்கோசெப் அடித்த டேங்கை நன்றாகக் கழுவாமல் இதைக் கரைத்தால் எல்லாம் வீண். அது பங்கசுநாசினி, இதுவோ பங்கசு! முடிந்தால் தனி டேங்க் வையுங்கள். கோவாவுக்கே பங்கசுநாசினி அடிக்கிறதென்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு கிழமையாவது விடுங்கள்.

பைக்கற்றை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், சூட்டில் வித்து செத்துவிடும். வாங்கும்போதே திகதி பாருங்கள். அளவு பைக்கற்றில் உள்ளபடி. அடிக்கும்போது முகமூடி போடுங்கள், தூள் மூச்சுக்கு ஆகாது. அப்புறம், வெள்ளை பூத்த புழுக்களைப் பொறுக்கி எறியாமல் அப்படியே விடுங்கள். அதிலிருந்து கிளம்பும் வித்து அடுத்த புழுவையும் பிடிக்கும்.