ஷாட்கன்: களிமண் தட்டு சுடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே தோட்டாவில் பல சிறு ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கிதான் ஷாட்கன். அதற்குக் குறியாகப் பறக்கவிடும் களிமண் தட்டின் குறுக்களவு 11 சென்டிமீட்டர். அது உடையாமல் போய் விழுந்தால் முதலில் நம் குறியைச் சந்தேகிக்கிறோம். பிறகு தோட்டாவை, பிறகு குழல் வாயில் ரவைகளின் விரிவைக் கட்டுப்படுத்தும் குறுகலான சோக்கை. தோளிலும் கன்னத்திலும் பதியும் கட்டையின் அளவு கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

காரணம் எளிது. ரைபிளில் முன்னும் பின்னுமாக இரண்டு குறிகள் உண்டு. ஷாட்கன்னில் குழலின் முனையில் ஒரு சிறிய மணி மட்டும் இருக்கிறது. பின்குறி நம் கண்தான். அந்தக் கண் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கன்னம் பதியும் கட்டை தீர்மானிக்கிறது. கண்ணுக்கும் குழல் முனைக்கும் இடையே சுமார் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் 3 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றால், 35 மீட்டர் தொலைவில் ரவைக் கூட்டம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் மேலே போகிறது. கிட்டத்தட்ட ஒரு முழுத் தட்டின் அகலம்! எத்தனை பயிற்சி எடுத்தாலும் கட்டை செய்யும் இந்தப் பிழை தானாக மறையாது.

எனவே உடலுக்குப் பொருத்திப் பார்க்காமல் துப்பாக்கி வாங்குவதையே மிகப் பெரிய தவறு என்பேன். முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து, விரல் விசையை எட்டினால் அளவு சரி என்று சொல்லும் பழைய சோதனையை நம்பாதீர்கள். கழுத்தின் நீளம், தோளின் அகலம், கன்ன எலும்பின் உயரம் ஆகியவற்றில் எதையுமே அது அளப்பதில்லை. காலித் துப்பாக்கி என்பதை நீங்களும் இன்னொருவரும் பார்த்து உறுதி செய்த பிறகு, பாதுகாப்பான திசையில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்களை மூடி, துப்பாக்கியை இயல்பாகத் தோளுக்கு ஏற்றிக் கன்னத்தை வையுங்கள். இப்போது கண்ணைத் திறந்தால் என்ன தெரிகிறது? மணி மறைந்து துப்பாக்கியின் பின்பகுதி மட்டும் தெரிந்தால் கண் தாழ்ந்திருக்கிறது. குழலின் மேல் ஓடும் பட்டை முழுவதும் சாலை போல நீண்டு தெரிந்தால் கண் உயர்ந்திருக்கிறது. பத்து முறை செய்து பாருங்கள். பத்து முறையும் தலையை அசைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தால் அந்தக் கட்டை உங்களுடையது அல்ல. ஏற்றும்போது கட்டையின் நுனி அக்குள் துணியில் சிக்கினால் நீளம் அதிகம். சுட்டவுடன் கையின் பெருவிரல் மூக்கில் இடித்தால் நீளம் போதவில்லை.

ஒரு பெண் வாரக்கணக்கில் கன்னத்தில் நீலத் தழும்போடு சுட்டதைப் பார்த்திருக்கிறேன். சத்தத்துக்குப் பயந்து தலையைத் தூக்குகிறார் என்று அவரிடமே சொன்னார்கள். உண்மையில் கட்டை அவருக்கு இரண்டு விரல் அளவு நீளமாக இருந்தது. கன்னம் பதியும் மேடும் தாழ்ந்திருந்தது. பின்பக்கம் கொஞ்சம் வெட்டி, மேட்டை உயர்த்திய பிறகு தழும்பு வரவில்லை. அடிபடும் இடத்திலிருந்து உடல் விலகுவதைப் பயம் என்று சொல்வது அநியாயம். ஆலையிலிருந்து வரும் கட்டை சராசரி உயரமுள்ள ஆணை மனத்தில் வைத்தே வருகிறது. பெண்களும் சிறுவர்களும் மிக உயரமானவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கட்டைக்கு முன்பே எந்தக் கண் ஆளும் கண், அதாவது குறிபார்ப்பதில் மற்றதை மேவி நிற்கும் கண், என்று தெரிந்துகொள்ளுங்கள். கைகளை நீட்டி, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே சிறு துவாரம் விட்டு, அதன் வழியே தொலைவில் ஒரு பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது எந்தக் கண்ணில் அந்தப் பொருள் துவாரத்துக்குள் நிற்கிறதோ அதுவே ஆளும் கண். வலத்தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடக்கண் ஆளும் கண்ணாக இருந்தால், துப்பாக்கியை மாற்றிப் பயனில்லை. புதிதாகத் தொடங்குபவர் தோளையே மாற்றிக்கொள்ளலாம். பழகியவர் கண்ணாடியின் இடப்பக்கத்தில் மங்கலான சிறு ஒட்டு ஒட்டிக்கொள்ளலாம்.

இலேசான துப்பாக்கி கடையில் கைக்குச் சுகமாகத்தான் இருக்கும். களத்தில் அதுவே தோளை உதைக்கும். தட்டைத் தொடரும் வீச்சும் பாதியில் நின்றுவிடும். போட்டிக்கென்று செய்த 12 போர் (குழலின் உள்ளளவைக் குறிக்கும் எண்) இருகுழல் துப்பாக்கிகள் பெரும்பாலும் மூன்றரைக் கிலோவை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருப்பதற்கு இதுவே காரணம். அதற்காகத் தாங்க முடியாத எடையும் வேண்டாம். ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். நான்காம் சுற்றிலும் கை நடுங்காமல் ஏந்த முடிய வேண்டும். செதுக்கு வேலைப்பாட்டைப் பற்றி ஒரே வரி: அதற்குத் தரும் பணத்தைப் பயிற்சித் தோட்டாக்களுக்குச் செலவிடுங்கள்.

டிராப், ஸ்கீட் என்பவை தட்டு சுடுவதில் வெவ்வேறு போட்டி வகைகள். டிராப் துப்பாக்கியை வாங்கி ஸ்கீட் சுடுவதும் பரவலான தவறு. டிராப்பில் தட்டு எழும்பியபடியே விலகிச் செல்வதால், அந்தத் துப்பாக்கியைச் சற்று மேலே சுடும்படியே செய்கிறார்கள், சோக்கும் இறுக்கமானது. ஸ்கீட்டில் தட்டு அருகிலேயே குறுக்கே கடந்துவிடும். அங்கே ரவைகள் சீக்கிரம் விரிய வேண்டும். சோக் குழாய்களைத் தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொண்டிருப்பவர்களிடம் ஒன்று சொல்வேன்: பெரிய தாளில் 76 சென்டிமீட்டர் வட்டம் வரைந்து, நீங்கள் வழக்கமாகச் சுடும் தொலைவில் உங்கள் தோட்டாவாலேயே சுட்டுப் பாருங்கள். ரவைகள் சீராக விழும் ஒரு குழாயைத் தேர்ந்தெடுத்த பிறகு அதை மறந்துவிடுங்கள்.

பழைய துப்பாக்கி வாங்கும்போது கண்ணை மட்டும் நம்பினால் போதாது, காதும் வேண்டும். குழலைக் கழற்றி, துப்பாக்கி மடிந்து திறக்கும் கீல் பக்கத்தில் விரலால் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டுங்கள். மணி போல நீண்டு ஒலித்தால் நல்லது. ஓட்டைப் பானை போலச் சத்தம் வந்தால் பட்டையின் பற்றவைப்பு எங்கோ விட்டிருக்கலாம். வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பாருங்கள். வளையம் வளையமாக இறங்கும் ஒளியில் ஓரிடத்தில் கரிய வளையம் கலைந்து நின்றால், அங்கே வீக்கமோ பள்ளமோ இருக்கிறது. குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியை மெதுவாக அசைத்துப் பாருங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

தோட்டாவில் நேரும் தவறுக்கு மன்னிப்பே கிடையாது. தோட்டாவின் மேல் அச்சிட்டிருக்கும் நீளம், சுட்டு விரிந்த பிறகு உள்ள நீளம். அதனால் 76 மில்லிமீட்டர் தோட்டா தோட்டா அமரும் 70 மில்லிமீட்டர் அறைக்குள் தடையில்லாமல் நுழைந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் அபாயகரமாக ஏறும். இன்னொன்று: 20 போர் தோட்டா மெலிந்தது என்பதால் 12 போர் அறையைத் தாண்டிக் குழலுக்குள் போய்ச் சிக்கும். அதைக் கவனிக்காமல் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் தருவது இந்த விபத்தைத் தடுப்பதற்காகவே. இரண்டையும் ஒரே பையில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

இனி பராமரிப்பு. துப்பாக்கியைக் கெடுப்பதில் அலட்சியத்துக்குச் சமமாக எண்ணெயும் பங்கு வகிக்கிறது. குழலிலும் இயங்குபகுதியிலும் தாராளமாக எண்ணெய் விட்டு, கட்டை கீழே இருக்கும்படி நிறுத்தி வைக்கிறார்கள். எண்ணெய் மெல்ல வழிந்து, இரும்பும் மரமும் சேரும் இடத்தில் ஊறுகிறது. சில ஆண்டுகளில் அந்த மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும். பிறகு ஒவ்வொரு உதையிலும் விரிசல் நீளும். துணியில் சில சொட்டு விட்டுத் துடைத்தாலே போதும். துடைத்தபின் சில மணி நேரமாவது குழல் வாய் கீழே இருக்கும்படி மெத்தையான துணிமேல் சாய்த்து வையுங்கள்.

கீலுக்குத் தேவை கிரீஸ், அதுவும் கடுகளவு. பழைய கிரீஸைத் துடைக்காமல் அதன் மேலேயே பூசுவது பெரும் தவறு. வெடிமருந்துக் கரியும் தூசியும் அதில் கலந்து உப்புத்தாள் போல இரும்பைத் தேய்க்கும். துப்பாக்கியைப் படாரென்று உதறி மூடும் பழக்கமும் அதே கீலைத்தான் தின்கிறது. இரு கைகளாலும் மூடுங்கள்.

சோக் குழாயை மாதக்கணக்கில் கழற்றாமல் விட்டால் திருகு மரைகளில் கரி இறுகி, பிறகு அசையாது. தளர்ந்திருந்தால் இன்னும் மோசம். ரவைகள் அதன் விளிம்பில் இடித்துக் குழல் வாயையே கெடுத்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, விரலால் திருகிப் பாருங்கள். மழையில் நனைந்த துப்பாக்கியை உறைக்குள் போட்டு வீடு வரை கொண்டுவந்தால், மறுநாள் பட்டையின் ஓரத்தில் செந்துரு பூத்திருக்கும். களத்திலேயே துடைத்து, வீட்டில் உறையைத் தனியாக உலர்த்துங்கள்.

சுடும்போது சத்தம் வழக்கத்துக்கு மாறாக மந்தமாகக் கேட்டால், அடுத்த தோட்டாவைத் தொடாதீர்கள். தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பு வெளியேறாமல் குழலுக்குள் நின்றிருக்கலாம். குழல் வாயைக் களத்தின் பக்கமே பிடித்தபடி திறந்து, இரு தோட்டாக்களையும் எடுத்துவிட்டு, குழல்களின் வழியே வானம் தெரிகிறதா என்று பாருங்கள். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், அதே திசையில் பிடித்தபடி அரை நிமிடம் காத்திருந்த பிறகே திறக்க வேண்டும்.