மருந்துச் சீட்டின் தலையில் நிற்கும் ‘ரெசிபே’

மருந்துச் சீட்டின் இடது மூலையில், ஆர் எழுத்தின் காலைக் குறுக்கே வெட்டியது போல ஒரு குறி இருக்கும். பலரும் அதை ‘ஆர்எக்ஸ்’ என்று படிக்கிறார்கள். அங்கே எக்ஸ் எழுத்தே கிடையாது. சொல்லைச் சுருக்கியிருக்கிறோம் என்று காட்டப் பழைய எழுத்தர்கள் இழுத்த கோடு அது. சுருங்கியிருக்கும் சொல் ‘ரெசிபே’. லத்தீனில் ‘எடு’ என்னும் ஏவல். நோயாளியை நோக்கிச் சொன்னதல்ல, மருந்து கலப்பவரை நோக்கிச் சொன்னது. சமையல் ‘ரெசிபி’யும் இதே சொல்தான், மருந்துக் குறிப்பிலிருந்து அடுப்படிக்குப் போனது. எகிப்தின் ஹோரஸ் கண்தான் இந்தக் குறி என்ற கதைக்கு நல்ல ஆதாரம் இல்லை.

ஏவல் என்று பிடித்துக்கொண்டால் பழைய சீட்டு ஒரே வாக்கியமாகப் படிக்க வரும். முதலில் ‘எடு’. அடுத்து எதில், எவ்வளவு: ‘நீரில் இரண்டு அவுன்ஸ்’. அதனால்தான் நீர் அங்கே ‘அக்வா’ என்று இல்லாமல் ‘அக்வே’ என்று வேற்றுமை ஏற்று நிற்கும். ‘ஓபியம்’ ‘ஓபியை’ ஆகும். அப்படியே அகராதியில் தேடினால் கிடைக்காது. ஏ-யில் முடிவதை ஆ-வாகவும், ஐ-யில் முடிவதை ‘உம்’ அல்லது ‘உஸ்’ என்றும் மாற்றித் தேடுங்கள். பிறகு எம் என்ற எழுத்து வந்தால் ‘மிஸ்கே’, கலக்கு. எஸ் அல்லது ‘சிக்’ வந்தால் ‘சிக்னா’, குறித்துக் கொடு. நோயாளிக்கான பேச்சு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இன்றைய சீட்டில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதிதான். பி.டி. என்றால் ‘பிஸ் டியே’, நாளுக்கு இருமுறை. சுமார் 12 மணி நேர இடைவெளி. டி.டி.எஸ். மூன்று முறை. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. பின். எச்.எஸ். ‘ஹோரா சோம்னி’, தூங்கப் போகும் வேளை.

அதிகம் தவறாகப் படிக்கப்படுவது எஸ்.ஓ.எஸ். கப்பலின் அபாயக் குரல் என்று நினைத்து, உடனே விழுங்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது ‘சி ஓபுஸ் சிட்’, தேவைப்பட்டால். ‘பாராசிட்டமால் 500 மி.கி., 1, எஸ்.ஓ.எஸ்.’ என்றிருந்தால் காய்ச்சலோ வலியோ இருக்கும்போது மட்டும் ஒன்று. அடுத்ததற்குக் குறைந்தது 4 மணி நேரம் விட வேண்டும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4,000 மி.கி., அதாவது 8 மாத்திரை, உச்ச வரம்பு. எடை குறைந்தவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் இதைவிடக் குறைவாகவே சொல்வார்.

ஓ.டி. இரட்டைப் பொருள் உள்ளது. பொதுச் சீட்டில் நாளுக்கு ஒருமுறை. கண் மருத்துவச் சீட்டில் ‘ஓகுலுஸ் டெக்ஸ்டெர்’, வலது கண். இடது கண்ணுக்கு ஓ.எஸ். சொட்டு மருந்துக்கு நேரே ஓ.டி. என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தக் கண், எத்தனை வேளை என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நாளுக்கு ஒருமுறை என்பதற்கு எழுதும் க்யூ.டி.யை, நாளுக்கு நான்கு முறை என்னும் க்யூ.ஐ.டி. என்று படித்துவிட்டால் மருந்து நான்கு மடங்காகிவிடும். அங்கே மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு க்யூ.டி.யை எழுதவே கூடாத சுருக்கங்களில் சேர்த்துவிட்டது.

கடைக்காரர் மருந்தைக் கவரில் போடும்போதே, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்று மூன்றையும் தமிழில் கவரின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள்.