மாற்று வி.பி.என்.: மாரிக்கு முன் திருத்த வேண்டிய தவறுகள்

தலைமை அலுவலகம் கிளிநொச்சியில், கிளைகள் முல்லைத்தீவிலும் மாங்குளத்திலும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பைபர் வழியே வி.பி.என். (பொது இணையத்துக்குள் போடும் பூட்டிய தனிவழி) இணைக்கிறது, அது அறுந்தால் கைகொடுக்க 4ஜி சிம்மில் இன்னொன்று. கார்த்திகை மழையில் பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடுகின்றன. பார்த்தால் இரண்டு றூட்டர்களும் ஒரே யு.பி.எஸ்.ஸில் செருகப்பட்டிருக்கும். இணைப்புத் தரும் நிறுவனம் வேறாக இருந்தால் மட்டும் போதாது, மின்சாரமும் வேறாக வேண்டும்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் சிம்முக்குக் கிடைக்கும் ஐ.பி. முகவரி. றூட்டரில் அது 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறார்கள் என்று பொருள். 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய தொகுதி அது. வெளியிலிருந்து அந்த றூட்டரை யாரும் அழைக்க முடியாது. கிளை சிம்மில் இருந்தால் பரவாயில்லை, கிளையே தலைமையகத்தை அழைக்கட்டும். வயர்கார்ட் என்ற வி.பி.என். மென்பொருளில் 25 விநாடிக்கு ஒருமுறை உயிர்ப்புச் செய்தி அனுப்பச் சொன்னால் வழி திறந்தே இருக்கும். ஆனால் கிளிநொச்சியின் பைபர் அறுந்து தலைமையகமே சிம்முக்கு மாறினால்? எந்தக் கிளைக்கும் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. நிலையான பொது முகவரியை அந்த இணைப்புக்கும் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், வாடகைக்கு எடுத்த சிறிய சேவையகம் ஒன்றில் எல்லாரும் வந்து சந்திக்கட்டும்.

மூன்று இடத்திலும் உள் வலையமைப்பின் முகவரியை 192.168.1 என்று கடையில் வந்தபடியே விட்டிருந்தால் டனல் (வி.பி.என்.னின் தனிவழி) ஏறும், தகவல் போகாது. இடத்துக்கு ஒரு முகவரித் தொகுதி வீதம் பிரித்துவிடுங்கள்.

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பக்கத்து மோடத்தைப் பிங் செய்து (பதில் வருகிறதா என்று சிறு செய்தி அனுப்பி) பார்ப்பது இன்னொரு வேடிக்கை. வீதியில் கம்பி அறுந்தாலும் மோடம் பதில் சொல்லும். மறுமுனைச் சேவையகத்தைக் கேளுங்கள். பிங் போகிறது, கணக்குப் பக்கம் மட்டும் திறக்காமல் நிற்கிறது என்றால் பொதியின் (ஒரு தடவையில் அனுப்பும் தகவல் துண்டின்) அளவைச் சந்தேகியுங்கள். வயர்கார்டின் வழக்கமான 1420 பைட் சில கைபேசி இணைப்புகளுக்குப் பெரிது. 1280 வைத்துப் பாருங்கள்.

பிறகு, வேலை நேரத்தில், சொல்லிவிட்டு, பைபரை நீங்களே கழற்றுங்கள். ஒரு கிளையில் நான் கழற்றியபோது டனல் ஏறவேயில்லை. அமைப்பில் ஒரு மணிநேரம் குற்றம் தேடினேன். சிம்மில் டேட்டா தீர்ந்து நான்கு மாதம். காசு போடுவது யார் பொறுப்பு என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.