கேட் முன்னால், கம்ப்ரசர் பின்னால்

குரல் பதிவில் நாய்ஸ் கேட்டை (பேச்சில்லாத இடைவெளியில் ஒலியை மூடும் ஃபில்டர்) எப்போதும் கம்ப்ரசருக்கு (உரத்த இடங்களை அமுக்கும் ஃபில்டர்) முன்னால் வையுங்கள். ஓபிஎஸ் (OBS) என்ற பதிவு, ஒளிபரப்பு மென்பொருளில் ஃபில்டர்கள் மேலிருந்து கீழாக வேலை செய்யும். அங்கே கேட் மேலே, கம்ப்ரசர் அதன் கீழே, ஒலி உச்ச அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் கடைசியில்.

காரணம் மேக்கப் கெயின், அதாவது அமுக்கிய பிறகு மொத்த ஒலியையும் திரும்ப ஏற்றுவது. உரத்த இடங்களை 6 டெசிபல் அமுக்கி அதே 6-ஐத் திரும்ப ஏற்றினால், பேச்சில்லாத இடத்தில் -50-ல் கிடந்த ஃபேன் இரைச்சல் -44-க்கு வந்துவிடும். அதுவும் ஒரே அளவில் நிற்காது: பேச்சு நின்றதும் கம்ப்ரசரின் பிடி தளரத் தளர இரைச்சல் ஏறிக்கொண்டே வரும். பின்னால் வைத்த கேட்டுக்குச் சரியான த்ரெஷோல்ட் (கேட் திறக்கும் ஒலி அளவு) கிடைப்பது கடினம்.

பேசாமல் பத்து வினாடி பதிவு செய்து மீட்டரைப் பாருங்கள். இரைச்சலுக்கு 6 டெசிபல் மேலே த்ரெஷோல்ட், அட்டாக் (கேட் திறக்கும் நேரம்) 2 மில்லிசெகண்ட், ஹோல்ட் (ஒலி தணிந்த பின்னும் திறந்திருக்கும் நேரம்) 150, ரிலீஸ் (மூடும் நேரம்) 200 என்று தொடங்கலாம். பிறகு சொல்லின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 'மரம்', 'வந்தான்' போன்றவற்றில் ம், ன் வெட்டுப்பட்டால் த்ரெஷோல்டை 2, 3 டெசிபல் இறக்குங்கள். ரேஞ்ச் (கேட் மூடும்போது ஒலி எவ்வளவு குறைய வேண்டும் என்ற அளவு) வசதி இருந்தால் முழு மௌனம் வேண்டாம், -12 டெசிபல் போதும். காதுக்கு அதுதான் இயல்பாக இருக்கும்.

பேச்சுக்கு அடியிலேயே கேட்கும் பலத்த இரைச்சலுக்கு இது உதவாது. கேட் இடைவெளிகளில் மட்டுமே மூடும், ஆகவே மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவருவதே வழி. வீணைக்கும் தம்புராவுக்கும் கேட்டே வேண்டாம், நீண்டு ஒலிக்கும் கார்வை பாதியில் அறுந்துவிடும்.